கேளாச் செவியும் பாடும் நாவும்

1482ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 7ஆம் தேதி காலை, பாரிஸ் நகரத்து ஷாத்லே நீதிமன்றத்தில் ஒரு விசாரணை நடக்கிறது. கட்டுண்டு நிற்கும் குற்றவாளி செவிடன். அவனை விசாரிக்க ஆசனத்தில் அமர்ந்திருக்கும் நீதிபதியும் செவிடர். தம் குறையைப் பிறர் அறிந்துவிடலாகாதே என்ற கவலையினால், கேள்வி ஒன்று கேட்டபின் சிறிது நேரம் பொறுத்திருந்து, விடை வந்திருக்கும் என்று தாமே தீர்மானித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டவர் அவர்; எதிரில் நிற்பவனோ தன்னிடம் கேள்வி கேட்கப்படுகிறது என்பதையே அறியாதவன். பெயர், வயது, தொழில் என்று வினாக்கள் ஒழுங்காக விழுகின்றன. ஒன்றுக்கும் விடை வரவில்லை. கூடியிருந்த ஜனங்களின் சிரிப்பினால் மண்டபம் அதிர்கிறது. பின்னர் வந்து சேர்ந்த மேலதிகாரி கேட்ட கேள்விகளுக்கு அவன் சம்பந்தமில்லாத பதில்களைச் சொல்ல, அதை அவமதிப்பாகக் கொண்டு, கசையடியும் தண்டனை மேடையில் ஒரு மணி நேரக் கட்டும் விதிக்கிறார்கள். இரக்கம் கொண்ட எழுத்தர் ஒருவர், இருவருக்கும் பொதுவான குறை நீதிபதியின் மனத்தை இளக்கக்கூடும் என்று நம்பி, அவர் காதருகே குனிந்து, இவன் செவிடன் என்று சொல்கிறார். அது காதில் விழாத நீதிபதி, விழுந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டி, அப்படியானால் விஷயமே வேறு என்று தலையசைத்து, தண்டனையில் இன்னும் ஒரு மணி நேரத்தைக் கூட்டிவிடுகிறார்.

விக்டர் ஹ்யூகோ 1831இல் வெளியிட்ட 'நோத்ர் தாம் தெ பாரி' என்னும் நாவலில் வரும் கட்டம் இது. அந்நாவலைத் தழுவி, குடும்பத்தோடு கண்டு களிப்பதற்கென்று வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1996ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்ட சங்கீதச் சித்திரப்படத்தில் இந்தக் கட்டம் இல்லை. நேரம் போதாமையினால் விடுபட்டது என்று இதைச் சொல்லிவிட முடியாது. அந்தப் படத்தில் இதற்கு இடமே இருந்திருக்க முடியாது. ஏனெனில் அந்தக் குற்றவாளியாகிய கூனன் குவாசிமோடோவுக்குப் படத்தில் செவி நன்றாகக் கேட்கிறது. இருள் சூழ்ந்த ஒரு பெருங்கதையைக் குழந்தைகளின் பொருட்டு வெல்லப்பாகில் தோய்த்துவிட்டார்கள் என்று அந்தப் படத்தின்மீது சாட்டப்படும் குற்றம், பெரும்பாலும் கதாநாயகி சாகாமல் பிழைத்துவிட்ட ஒரே காரணத்தையே ஆதாரமாகக் கொண்டது. அதனினும் ஆழமான மாற்றம் கூனனுக்குச் செவியை அளித்ததே என்பதும், அவ்வாறு கதையிலிருந்து அகற்றிய இருளில் ஒரு பங்கைப் படம் தன் சங்கீதத்தின் வழியாகவே திருப்பி அளித்துவிட்டது என்பதும் என் துணிபு.

ஹ்யூகோ தமிழ் வாசகர்களுக்குப் புதியவர் அல்லர். சுத்தானந்த பாரதியார் தந்த 'ஏழைபடும் பாடு' நம்மவர் பலர் உருகிப் படித்த நூல். 1950இல் அது திரைப்படமாகவும் வந்தது. 'இளிச்சவாயன்' என்ற மற்றொரு பெயர்ப்பும் அவருடையதே. அவ்விரண்டின் மூலங்களுக்கும் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் முந்தியது இப்போது நாம் எடுத்துக்கொண்ட நாவல். எழுதித் தருவதாகப் பதிப்பாளரிடம் ஒப்புக்கொண்டு நாள் கடத்திவிட்ட ஹ்யூகோ, 1830 ஜூலையில் பாரிஸ் வீதிகளில் வெடித்த புரட்சி ஓய்ந்த பிறகு, செப்டம்பரில் உட்கார்ந்து, அடுத்த ஜனவரிக்குள் எழுதி முடித்தார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. நோத்ர் தாம் பேராலயத்தின் கோபுரத்தில் ஓர் இருண்ட மூலையில், விதி என்று பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்று செதுக்கப்பட்டிருக்கக் கண்டதாகவும், பின்னர் அது அழிந்துபோயிற்று என்றும், அந்த ஒரு சொல்லின்மேல் எழுந்ததே இந்நூல் என்றும் முன்னுரையில் அவர் தெரிவிக்கிறார். விதியும் கல்லுமே அந்நாவலின் நாயகர்கள். மனிதர்கள் அவற்றின் நிழலில் வந்து போகிறவர்கள். மூலத்தின் பெயரும் ஆலயத்தின் பெயரே. 1833இல் ஆங்கிலத்தில் பெயர்த்த ஷோபெர்ல் என்பவர்தாம் கூனனைத் தலைப்பில் ஏற்றினார். படத்துக்கு வாய்த்த பெயர் அந்த மொழிபெயர்ப்பின் வழி வந்தது.

இனி, முடிவை மாற்றிய குற்றத்தைப் பார்ப்போம். அந்தக் குற்றத்தை முதன்முதலில் செய்தவர் ஹ்யூகோவே. உடல் ஊனத்தோடு வாழ்ந்தவரும் சங்கீத ஞானத்தில் சிறந்தவருமான லூயிஸ் பெர்த்தான் என்னும் பெண்மணி இந்நாவலை இசை நாடகமாக்க விரும்பியபோது, வேறு எவருக்கும் இசையாத ஹ்யூகோ, நண்பர் குடும்பத்துப் பெண் என்ற அன்பினால் தாமே பாட்டு வடிவம் எழுதிக் கொடுத்தார். 'எஸ்மெரால்டா' என்ற பெயரோடு 1836 நவம்பர் 14ஆம் தேதி பாரிஸ் ஓபராவில் அது அரங்கேறியது. நாவலில் தூக்குமரத்தில் உயிர்விடும் நாயகி எஸ்மெரால்டா அதில் பிழைத்துக்கொள்கிறாள். இறந்தவனாகக் கருதப்பட்ட அவள் காதலன் ஃபீபஸ் காயத்தோடு ஓடிவந்து, அவள் குற்றமற்றவள் என்று சாட்சி சொல்லிவிட்டுத் தான் மடிகிறான். அவள்மேல் கொண்ட மோகத்தினால் அழியும் குளோத் ஃபிரோலோவைக் குருவானவர் என்று மேடையில் அழைப்பதற்கும் தணிக்கையாளர்கள் தடை விதித்தனர். 1844இல் லண்டனில் ஆடப்பட்ட ஜூல் பெரோவின் நாட்டிய நாடகமும் நாயகியைக் காப்பாற்றியது. சார்ல்ஸ் லாட்டன் கூனனாக நடித்த 1939ஆம் ஆண்டுத் திரைப்படமும் காப்பாற்றியது. ஃபிரோலோவை நீதிபதியாக்கி, ஆலயத்துக்கு வேறொரு நல்ல குருவைப் படைத்துக்கொள்ளும் உபாயமும் அந்த 1939 படத்திலேயே கையாளப்பட்டதுதான். ஆகவே டிஸ்னி படத்தார் ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகளாகப் பலர் நடந்து தேய்ந்த பாதையிலேதான் நடந்தார்கள்; அதற்காக மட்டும் அவர்களைக் கடிந்துகொள்வது நியாயமாகாது.

செவியின் விஷயம் அத்தகையதன்று. நாவலில், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறன்று ஆலயத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த நான்கு வயதுக் குழந்தையை, இளங்குருவான ஃபிரோலோ கருணையினால் எடுத்து வளர்க்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வழங்கும் லத்தீன் பெயரையே அதற்கு இடுகிறார். வளர்ந்து மணியடிக்கும் ஊழியம் ஏற்ற பையனுக்கு 14 வயதில் அந்த மணிகளே செவிப்பறையைக் கிழித்துவிட்டன. உலகத்தோடு அவனுக்கு இருந்த ஒரே வாசல் அடைபட்டது. ஆயினும் தன்னைச் செவிடாக்கிய அம்மணிகளையே அவன் உயிரினும் மேலாக நேசித்தான். வேறெந்த ஒலியும் எட்டாத அவனுக்கு அவற்றின் குரல் மட்டும் எட்டிக்கொண்டிருந்தது. வளர்ப்புத் தந்தையோடு அவன் பேசியதெல்லாம் கைச்சாடையினால். பின்னர், தூக்குமரத்துக்குச் செல்லும் வழியில் தான் மீட்டு ஆலயத்தில் அடைக்கலம் வைத்த எஸ்மெரால்டாவிடம், தன் கோர முகம் கண்டு அவள் அஞ்சாதிருக்க வேண்டுமென்று ஒதுங்கிப் போகும்போது, ஒரு சிறு உலோக ஊதலை அவள் கையில் கொடுத்து, இதன் ஓசை எனக்குக் கேட்கும், வேண்டும்போது ஊது என்கிறான். ஓர் இரவு ஃபிரோலோ அவள் அறைக்குள் நுழைகிறபோது அவள் ஊதுவது அந்த ஊதலைத்தான். இருளில் ஓடிவந்து நிற்பவன் குவாசிமோடோ.

நாவலிலும் அவன் பாடுகிறான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முகத்தைப் பாராதே, உள்ளத்தைப் பார் என்ற கருத்தில், மாலை வேளையில் மணிக்கோபுரத்தில் மறைந்து நின்று அவன் பாடும் அந்தப் பாட்டில் எதுகையில்லை, இயைபில்லை; செவிடன் ஒருவனால் கட்டக்கூடிய வரிகள் அவ்வளவே என்று ஆசிரியர் குறிப்பிடுகிறார். ஒலியின் அழகை அறிய முடியாதவன் ஒலியினாலேயே தன் அன்பைத் தெரிவிக்க முயலும் அந்த அவலத்தை நான் படித்த பக்கங்களிலே மிகவும் துயரமானவற்றுள் ஒன்றாக எண்ணுகிறேன். படத்தில் டாம் ஹல்ஸ் என்னும் நடிகரின் குரல், பள்ளத்தாக்கைக் கடக்கும் பறவைபோல் எளிதாக மேலெழுந்து, ஒரே ஒரு நாளாவது கோபுரத்தை விட்டிறங்கி மக்களோடு மக்களாக உலவ வேண்டும் என்று பாடுகிறது. கேட்க இனிமையான பாட்டு. அந்த இனிமையினாலேயே கதை வேறாகிவிட்டது. இப்படிப் பாட வல்லவனைப் பிறரிடமிருந்து பிரித்து வைப்பது அவன் முகமும் வளர்ப்புத் தந்தையின் ஆணையும் மட்டுமே. அவை நீங்கினால் அவன் நம்மில் ஒருவன். ஹ்யூகோவின் கூனனை நம்மிடமிருந்து பிரித்த மதிலுக்கு வாசல் இல்லை.

அந்த மதிலின்மேல்தான் நாவலின் இறுதிக் கோரம் நிற்கிறது. எஸ்மெரால்டாவை மீட்டுச் செல்வதற்காகப் பாரிஸ் நகரத்துப் பிச்சைக்காரர்களும் நாடோடிகளும் நள்ளிரவில் ஆலயத்தை முற்றுகையிடுகிறார்கள். வந்தவர்கள் அவளுடைய சொந்த ஜனங்கள். அவர்கள் கூவுவது அவள் விடுதலையை. மேலே நிற்கும் செவிடனுக்கு அந்தக் கூவல் கேட்கவில்லை. அவளைக் கொல்ல வந்த பகைவர்கள் என்று எண்ணிய அவன், கோபுரத்தில் பழுதுபார்க்கும் வேலைக்கென்று குவித்திருந்த மரங்களையும் கற்களையும் அவர்கள் தலைமேல் உருட்டுகிறான். கூரைக்கென வைத்த ஈயத்தை உருக்கி இரண்டு தாரைகளாக ஊற்றுகிறான். எவர்களிடம் ஒப்படைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளோ அவர்களையே அன்பின் மிகுதியால் கொன்று குவிக்கிறான். படத்திலும் உருகிய ஈயம் கோபுரத்திலிருந்து இறங்குகிறது. சித்திரக்காரர்களின் கைவண்ணம் அங்கே வியக்கத்தக்கது. ஆனால் அது விழுவது ஃபிரோலோவின் சிப்பாய்கள்மேல். சதுக்கத்தில் ஜனங்களோ கூனனின் பக்கம் நின்று போரிடுகிறார்கள். அதே ஈயம், அதே நெருப்பு. கேட்கும் செவி ஒன்று வாய்த்ததனால் விதியின் கொடுமை நீதியின் வெற்றியாக மாறிவிட்டது. முடிவில் எஸ்மெரால்டா பிழைப்பது இதன் விளைவுதான். செவி கேட்கும் ஒருவனைக் காவலாக வைத்தபின் அவளைச் சாகவிடுவதற்குக் கதைக்கு வழியில்லை.

கல்லின் விஷயமும் இவ்வாறே. நாவலில் குவாசிமோடோ ஆலயத்துச் சிலைகளின் முன்னே மணிக்கணக்காக அமர்ந்து தனிமையில் உரையாடுவான். எவரேனும் வந்துவிட்டால், காதல் பாட்டுப் பாடும்போது அகப்பட்டுக்கொண்டவன்போல ஓடி மறைவான். இந்த ஒரு சித்திரத்திலிருந்து படத்தார் மூன்று கல் தோழர்களை உண்டாக்கி, அவர்களில் இருவருக்கு விக்டர், ஹ்யூகோ என்றே பெயரிட்டார்கள். கோபுர மேல்தளத்தில் கன்னத்தில் கைவைத்து நகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கல் மிருகங்கள் 1482இல் அங்கே இல்லை. நம் கோயில்களின் கோமுகம்போல மழைநீரை வெளியே உமிழும் பழைய கல் உருவங்கள் வேறு, இவை வேறு. ஹ்யூகோவின் நாவல் மூட்டிய பக்தியினாலும் ஆத்திரத்தினாலும், பாழடைந்து கிடந்த ஆலயத்தைப் புதுப்பிக்கும் பணி 1840களில் தொடங்கியது. 1864 வரை நடந்த அத்திருப்பணியில் வியோலே-லெ-துக் என்னும் கட்டடக்கலை வல்லுநர் தம் கற்பனையால் ஏற்றிவைத்தவை இவை. நாவலினால் பிறந்த கற்கள் நாவலின் கதைக்குள்ளேயே பாத்திரங்களாகத் திரும்பி வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவற்றை வாய் திறந்து பேச வைத்ததும், வேடிக்கைப் பாட்டுப் பாட வைத்ததும் எனக்கு உடன்பாடில்லை. பதில் சொல்லாத கல்லோடு பேசுகிறவனின் தனிமை வேறு. பதில் சொல்லும் கல்லோடு பேசுகிறவனுக்குத் தனிமையே கிடையாது.

படத்தார் செய்த ஒரு மாற்றத்தை மூலத்தினும் மேலானதென்று தயக்கமின்றிச் சொல்வேன். ஹ்யூகோவின் எஸ்மெரால்டா பிறப்பால் நாடோடிப் பெண் அல்லள். நாடோடிகள் தொட்டிலிலிருந்து திருடிச் சென்ற பிரெஞ்சுக் குழந்தை. மகளை இழந்து பித்தான தாய் ஒரு கல் அறைக்குள் தன்னைத் தானே அடைத்துக்கொண்டு அந்த ஜனங்களைச் சபித்துக் கிடக்கிறாள்; மரணத்துக்கு முன் கணத்தில்தான் இருவரும் ஒருவரையொருவர் அறிகிறார்கள். அந்தச் சந்திப்பு உள்ளத்தை உலுக்கக்கூடியதே. ஆனால் பிள்ளை பிடிப்பவர்கள் என்று ரோமா மக்கள்மீது ஐரோப்பா சுமத்திவந்த பழிச்சொல்லை அது உண்மையென்று ஏற்றுக்கொண்டுவிடுகிறது. படத்தில் அவள் ரோமா இனத்தவளே; அவள் இனத்தைப் பூண்டோடு அழிக்க முனையும் அதிகாரமே படத்தின் பாவம். குழந்தைகளுக்காக எடுத்த ஒரு படம் இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது சிறிய காரியமன்று.

ஃபிரோலோவின் பாத்திர சிருஷ்டியில் லாபமும் நஷ்டமும் கலந்திருக்கின்றன. நாவலின் ஃபிரோலோ நல்லவனாகத் தொடங்கியவன். அநாதைத் தம்பியைத் தாயாக இருந்து வளர்த்தவன். எவரும் தொட அஞ்சிய குழந்தையைத் தூக்கிக்கொண்டவன். கல்விக் கடலைக் குடித்தும் தாகம் தீராமல் ரசவாதத்தில் இறங்கி, முப்பத்தாறாம் வயதில் ஒரு பெண்ணின் நடனத்தைக் கண்டு நொறுங்கியவன். படத்தின் ஃபிரோலோ முதற் காட்சியிலேயே ஆலயப் படிகளில் ஒரு தாயின் சாவுக்குக் காரணமாகி, அவள் குழந்தையைக் கிணற்றில் போட ஓங்கிய கையோடு நிற்கிறான். அதை அவன் வளர்ப்பது நரக பயத்தினால். வீழ்வதற்கு அவனிடம் உயரமே இல்லை. ஆயினும் படத்தின் நடுப்பகுதியில் ஒரு பாட்டு வருகிறது; அங்கே இந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

இசையமைத்தவர் ஆலன் மென்கென். பாட்டெழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். முதலில் குவாசிமோடோ, தன்னைக் கண்டு அருவருக்காத ஒருத்தியை நினைத்து, வானத்து ஒளி தன்மேல் விழுந்துவிட்டது என்று கோபுரத்தில் மெல்லப் பாடுகிறான். அந்தப் பாட்டு முடிந்த கணமே, கீழே குருமார்கள் லத்தீனில் பாவசங்கீர்த்தன மந்திரத்தைப் பாடிச் செல்ல, நீதிமாளிகையில் எரியும் கணப்பின் முன்னே ஃபிரோலோ நிற்கிறான். எஸ்மெரால்டாவின் மேலாடைத் துண்டு அவன் விரல்களில் இருக்கிறது. அதை முகத்தில் தேய்த்துக்கொள்கிறான். டோனி ஜேயின் கனத்த குரல் தன் புனிதத்தைக் கன்னிமரியாளிடம் முறையிட்டுத் தொடங்கி, ஆசையைப் பழியாகவும் பழியை மிரட்டலாகவும் மாற்றிக்கொண்டே போகிறது. நெருப்பில் பெண்ணுருவம் ஆடுகிறது. இருபுறமும் முகமில்லாத செந்நிற அங்கிகள் தூண்கள்போல் உயர்ந்து நெருக்குகின்றன. என் பிழையே என்று மார்பில் தட்டிக்கொள்ளும் மந்திரத்தை அந்த அங்கிகள் பாட, என் பிழையன்று என்று அவன் ஒவ்வொரு முறையும் மறுத்துரைக்கிறான். பாடற்குழுவின் அந்தப் பழைய லத்தீன் மொழி, நாவலின் ஃபிரோலோ இழந்த பரிசுத்தத்தையும் கல்வியையும், வசனத்தால் சொல்லாமலே நமக்கு உணர்த்திவிடுகிறது. அவள் தப்பிவிட்டாள் என்று காவலன் கதவைத் திறந்து சொன்னதும், கையிலிருந்த துணி நெருப்பில் விழுகிறது. என்னைச் சேர், அல்லது எரிந்து போ என்ற தீர்மானத்தோடு அவன் தரையில் சரிகிறான்.

எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற சான்று பெற்ற படத்தில் இந்தக் காட்சி இடம்பெற்றது. இதைப் பார்க்கும் குழந்தைக்குப் பயம் புரியும், காரணம் புரியாது. அருகிலிருக்கும் பெற்றோருக்கு இரண்டும் புரியும். கதையிலே சொல்லக் கூடாதென்று ஒதுக்கியதைச் சங்கீதத்திலே சொல்லிவிட்டார்கள் என்று நான் மேலே குறித்தது இதைத்தான். ஒரே கதைக்குள் ஒரே இரவில் ஒரே பெண்ணைக் குறித்து எழும் இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்து வைத்து, அன்புக்கும் மோகத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து காட்டிய அந்த அமைப்பு, ஹ்யூகோ பல அத்தியாயங்களில் செய்ததை சில நிமிடங்களுக்குள் அடக்கிவிட்டது.

அந்த இசையே பிறகு தன் மூலத்தைத் தேடிப் போயிற்று. 1999இல் ஜேம்ஸ் லாப்பைனின் நெறியாள்கையில் பெர்லின் நகரில் படம் மேடை நாடகமாக வந்தபோது எஸ்மெரால்டா இறந்தாள். 2014இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவிலும், அடுத்த ஆண்டு நியூஜெர்சியிலும் புதுக்கி நடத்திய வடிவத்தில், பீட்டர் பார்னெல் எழுதிய வசனத்தோடு, ஃபிரோலோ மறுபடியும் குருவானார். கல் தோழர்களின் இடத்தைக் கூனனின் மனக்குரல்களாக வரும் நடிகர் குழு எடுத்துக்கொண்டது. சாதாரண இளைஞனாக மேடைக்கு வரும் மைக்கேல் ஆர்டன், நம் கண்ணெதிரிலேயே முதுகில் கூனைக் கட்டிக்கொண்டு, முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு குவாசிமோடோ ஆனார். மணியோசையினால் செவி மந்தமாகியவன் என்பதும் திரும்பி வந்தது: பிறரோடு பேசும்போது குழறும் நாக்கு, தனித்திருந்து பாடும்போது மட்டும் தெளிவாகும். பாட்டு அவன் உள்ளத்துக்குள் நடப்பது, வெளியே எவருக்கும் கேட்காதது என்று அந்த நாடகம் கொண்டது.

சியாட்டில் நகரத்து ஃபிஃப்த் அவென்யூ நாடக மன்றத்தார் 2018இல் இதே நாடகத்தை நடத்தியபோது, குவாசிமோடோவாக நடித்தவர் ஜாஷுவா கஸ்தில் என்னும் காது கேளாத நடிகர். பாட்டு வந்த இடங்களில் அவர் கைகள் சைகை மொழியில் பேசின; அவருடைய உட்குரலாக மேடையில் உடன் நின்ற ஈ. ஜே. கார்டோனா அதே வரிகளைப் பாடினார்.